மாரி விடுமுறையில் பாலைவனக் கூடாரம்: மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்களுக்கான முதற்பயண வழிகாட்டி

ஏறாவூர் முதல் பொத்துவில் வரை எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், வளைகுடா நாடொன்றில் தொழில் செய்யும் ஒருவரேனும் இல்லாத தெருவைக் காண்பது அரிது. அவர்களுள் குடும்பத்தை அழைக்க வசதியுள்ளவர்கள், பிள்ளைகளின் டிசெம்பர் விடுமுறையில் மனைவி மக்களையும் சில வேளைகளில் பெற்றோரையும் வருகை விசாவில் தம்மிடம் அழைத்துக்கொள்கிறார்கள். உயர்ந்த கட்டடங்களையும் கடைத்தொகுதிகளையும் பார்த்து முடித்த பின்னர், ஓர் இரவாவது பாலைவனத்தில் கூடாரமடித்துத் தங்க வேண்டும் என்ற ஆசை அநேகமாக எல்லாக் குடும்பங்களிலும் எழுகிறது. அந்த ஆசையைப் பாதுகாப்பாக நிறைவேற்றிக்கொள்ள விரும்புவோருக்காகவே இதை எழுதுகிறேன். ஐக்கிய அரபு அமீரகத்தை மையமாகக் கொண்டிருக்கிறேன். மணலும் குளிரும் கட்டாரிலும் சவூதி அரேபியாவிலும் ஓமானிலும் இப்படித்தான் இருக்கும். விதிகள் மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். கட்டாரில், எடுத்துக்காட்டாக, முகாமிடும் பருவத்தை அரசு அறிவித்து, கூடாரம் அமைக்க அனுமதி பெறுமாறு கேட்கிறது.

பாலைவனம் என்றதும் நம்மவர்கள் வெயிலுக்கே ஆயத்தமாகிறார்கள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மெல்லிய பருத்திச் சட்டை ஆகியவற்றை எடுத்துவைத்துவிட்டு, போர்வையை மறந்துவிடுகிறார்கள். குளிர்காலத்தில் அங்கே குடும்பத்தை வருத்துபவை மூன்று: சீக்கிரம் விழும் இருட்டு, நள்ளிரவுக்குப் பிறகு ஏறும் குளிர், விடியற்காலையில் எல்லாவற்றையும் நனைக்கும் பனி. மட்டக்களப்பில் மார்கழி இரவில்கூட வெப்பநிலை 22 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அரிது. அமீரகத்தின் உட்புறப் பாலைவனத்திலோ ஜனவரி இரவுகளில் அது 10 பாகைக்குக் கீழே செல்லக்கூடும். வாழ்நாளில் ஒருமுறையேனும் அத்தகைய குளிரில் திறந்த வெளியில் உறங்கியிராத ஏழு வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயது அம்மம்மாவுக்கும் உம்மம்மாவுக்கும் இது சிறிய விடயமன்று. பின்வரும் ஆயத்தங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் கருதியே சொல்லப்படுகின்றன.

நாளைத் தெரிவு செய்தல்

நவம்பர் நடுப்பகுதி முதல் மார்ச் தொடக்கம் வரை கூடாரமடிக்க ஏற்ற காலம். ஊரில் வயல் உள்ளவர்களுக்கு இதில் ஒரு நெருக்கடி உண்டு: மாரி வெள்ளாமை விதைத்து, பசளையும் போட்டு முடித்த டிசெம்பரில் ஓரளவு ஓய்வு கிடைக்கும், தை பிறந்ததும் அறுவடை நினைவு வந்துவிடும். ஆகவே பெற்றோரையும் அழைத்துச் செல்வதாயின் டிசெம்பர் நடுப்பகுதியே பொருத்தம். டிசெம்பர் 2ஆம் திகதி அமீரகத்தின் தேசிய தினம் என்பதால், அதையொட்டிய விடுமுறை நாள்களில் பாலைவனச் சாலைகளிலும் முகாமிடங்களிலும் பெருங்கூட்டம் இருக்கும். அந்த வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள். 2022 ஜனவரி முதல் அங்கே சனியும் ஞாயிறும் வார விடுமுறை. வெள்ளிக்கிழமை அரச அலுவலகங்களுக்கு அரைநாள். சனிக்கிழமை காலை புறப்பட்டு ஞாயிறு மதியம் திரும்புவதே ஓர் இரவுப் பயணத்துக்கு இசைவான ஒழுங்கு. இனிவரும் ஆண்டுகளில் நோன்பு குளிர்காலத்துக்குள் வருவதால், பெப்ரவரியில் செல்ல எண்ணுபவர்கள் நாட்காட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. விண்மீன் பார்க்க அமாவாசையை ஒட்டிய நாளே சிறந்தது என்று பலரும் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆயினும் முதன்முறை செல்லும் குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பது வளர்பிறையின் பிற்பகுதியை. பௌர்ணமிக்கு மூன்று நான்கு நாள்களுக்கு முன்னர், பொழுது சாயும்போதே நிலவு வானில் நிற்கும்; வெண்மணலில் அந்த ஒளி பட்டால், பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்பதை விளக்கில்லாமலே காணலாம். நள்ளிரவு கடந்து நிலவு மறைந்த பின்னர், விழித்திருப்பவர்களுக்கு விண்மீன்களும் கிடைக்கும்.

வானிலை அறிவிப்பைப் புறப்படுவதற்கு முந்திய நாளும் அன்று காலையும் பார்க்க வேண்டும். அமீரகத்தின் தேசிய வானிலை மையம் மழை, மூடுபனி, தூசிக்காற்று ஆகியவற்றுக்கான எச்சரிக்கைகளை நிற அடையாளங்களுடன் வெளியிடுகிறது. ‘பாலைவனத்தில் என்ன மழை’ என்று எண்ணலாகாது. 2024 ஏப்ரல் 16ஆம் திகதியன்று அல் ஐன் பகுதியிலுள்ள ஓரிடத்தில் 24 மணித்தியாலத்துக்குள் 250 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை கொட்டியது. மலைப்பக்கத்தில் பெய்யும் மழை, நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளியும் விழாமலே வறண்ட ஆற்றுப்படுகை வழியாக வெள்ளமாக வரக்கூடும். வாடி எனப்படும் அத்தகைய படுகைகளில் கூடாரமடிப்பதை எக்காலத்திலும் நினைக்கவே வேண்டாம். வடமேற்கிலிருந்து வீசும் ஷமால் காற்று எழுந்திருந்தால் பயணத்தைத் தள்ளிவைப்பதே நல்லது. ஆஸ்துமா உள்ள பிள்ளையுடன் தூசிக்காற்றில் அகப்படுவதைவிட, வீட்டில் இருந்துவிடுவது எவ்வளவோ மேல்.

ஊரிலிருந்து எடுத்துச் செல்வதும் செல்லாததும்

கட்டுநாயக்க வரையான பயணத்துக்கே ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்குங்கள். மாரி மழை கடுத்து மகாவலி பெருகினால் மன்னம்பிட்டிப் பக்கம் வீதி மூடப்படுவதும், வெள்ளத்தால் மட்டக்களப்புப் புகையிரதம் நிறுத்தப்படுவதும் நமக்குப் புதியவையல்ல. அம்பாறையிலிருந்து மகியங்கனை வழியாகக் கண்டிக்கு ஏறும் பாதை இன்னொரு வழிதான். ஆனால் அதே மழையில் அங்கே மண்சரிவு அபாயம் உண்டு.

பயணப் பெட்டியில் வைக்கக் கூடாதவற்றை முதலில் சொல்கிறேன். கசகசா அமீரகத்தில் தடைசெய்யப்பட்ட பொருள். வெற்றிலையும் அப்படியே, பெரியவர்களின் வெற்றிலைப் பையை வீட்டிலேயே விட்டுச் செல்லச் சொல்லுங்கள். இருமலுக்கும் வலிக்கும் நாம் சாதாரணமாக உட்கொள்ளும் மருந்துகளுள் கொடீன், டிரமடோல் கலந்தவை அங்கே கட்டுப்பாட்டுக்குரியவை. அத்தகைய மருந்தைக் கட்டாயம் எடுக்க வேண்டியவர்கள் வைத்தியரின் கடிதத்துடன் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். எடுத்துச் செல்ல வேண்டியவை குறைவு: பழகிய மருந்துகள், பெரியவர்களுக்குக் கம்பளித் தொப்பியும் தடித்த காலுறையும், ஆளுக்கொரு சாரமோ போர்வையோ. கூடாரம், உறக்கப்பை, தரைவிரிப்பு ஆகியவை துபாயிலும் அபுதாபியிலும் மலிவாகவே கிடைக்கின்றன. அங்கே நீண்டகாலம் வாழும் நம்மவர்களிடம் இரவல் கேட்டாலும் கிடைக்கும். சுமந்து செல்ல வேண்டியதில்லை.

சாரதியும் வாகனமும்

வாகனத்தை ஓட்ட வேண்டியவர் அங்கே வசித்து, அந்நாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றவர். ஊரில் பல்லாண்டு ஓட்டியவராயினும், வீதியின் வலப்பக்கத்தில் மணிக்கு 120 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனங்களிடையே முதன்முறையாக ஓட்டுவதற்கு ஒரு குடும்பப் பயணம் உகந்த தருணமன்று. சட்டத்தின்படி நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாதுகாப்பு இருக்கை வேண்டும். முன்னிருக்கையில் அமர்பவர் குறைந்தது 10 வயதும் 145 சென்ரிமீற்றர் உயரமும் உடையவராக இருக்க வேண்டும். ஊரில் மடியில் வைத்துக் கொண்டுபோய்ப் பழகியவர்கள் இதைப் புறப்படுவதற்கு முன்னரே உணர்ந்து, இருக்கைக்கு ஒழுங்கு செய்ய வேண்டும்.

எல்லோரிடமும் நான்கு சக்கரமும் இயங்கும் வாகனம் இருக்காது. சாதாரணக் கார் உள்ளவர்கள் தார்ச்சாலையை விட்டு இறங்காமலே நல்லதொரு பாலைவன இரவைக் கழிக்கலாம். வாடகை வாகனத்தை மணலில் இறக்குவது பெரும்பாலும் ஒப்பந்தத்தை மீறுவதாகும். சொந்த வாகனமாயினும், சாலைக்கு வெளியே நேரும் சேதத்தைப் பல காப்புறுதிகள் ஏற்பதில்லை. காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து அந்தப் பகுதியை வாசித்துவிட்டே முடிவெடுங்கள். மணலில் இறங்குவதென்று முடிவானால், ஒற்றை வாகனமாக ஒருபோதும் இறங்காதீர்கள். இதில் விதிவிலக்குக்கு இடமே இல்லை. புதைந்த வாகனத்தை இழுக்க மற்றொரு வாகனம் வேண்டும். நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவும் மற்றொரு வாகனம் வேண்டும்.

முதல் இரவு அருகில், அடுத்தது தொலைவில்

நேரே தொலைதூரப் பாலைவனத்துக்குச் செல்லாமல், முதலில் நகருக்கு அண்மையில் ஓர் இரவு தங்கிப் பாருங்கள். துபாயிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் செல்லக்கூடிய அல் குத்ரா ஏரிகளின் சுற்றாடல் இதற்கு ஏற்றது. மர்மூம் பாலைவனப் பாதுகாப்புப் பகுதிக்குள் அமைந்த செயற்கை ஏரிகள் அவை. பறவைகள் நிறைய வரும், சில வேளைகளில் நேரான நீண்ட கொம்புடைய ஓரிக்ஸ் மான்களும் கண்ணிற்படும். முகாமிடவும் சமைக்கவும் எங்கே இடமளிக்கப்பட்டிருக்கிறது என்பதை அங்குள்ள அறிவிப்புப் பலகைகளில் பார்த்து அதன்படி நடக்க வேண்டும். பிள்ளை குளிரில் எழுந்து அழுதாலும், பெரியவருக்கு முதுகு பிடித்துக்கொண்டாலும், நள்ளிரவிலேயே கூடாரத்தைச் சுருட்டி வீடு திரும்பிவிடலாம் என்பதே இதன் பெரிய வசதி. எந்தப் போர்வை போதவில்லை, எந்த விளக்கு உதவவில்லை என்பதும் அன்றே தெரிந்துவிடும்.

சார்ஜாவின் மலைஹா இன்னொரு நல்ல இடம். அங்குள்ள பாறைக்குன்றில் பழங்கடலின் சிப்பிப் படிவங்கள் பதிந்திருப்பதைப் பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

அடுத்த கட்டம் லீவா. அபுதாபி எமிரேற்றின் தெற்கில், ரூப் அல் காலி எனப்படும் பெரும்பாலைவனத்தின் விளிம்பில், பேரீச்சந்தோட்டங்களுடன் வளைந்து கிடக்கும் சோலைக் கிராமங்களின் தொடர் அது. ஏறத்தாழ 650,000 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள ரூப் அல் காலி உலகின் மிகப் பெரிய தொடர்மணற் பாலைவனம். அதன் மணல் மாலை வெயிலில் செம்மஞ்சளாக மாறுவதைக் காணவே இந்தத் தூரம் போகலாம். துபாயிலிருந்து அபுதாபியைக் கடந்து செல்ல ஏறத்தாழ நான்கு மணி நேரமாகும். வழியிலுள்ள மதீனத் சாயித் நகரில் பெற்றோல் தாங்கியை நிரப்பி, குடிநீரும் மரக்கறியும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். லீவாவின் முசைரா என்ற மையப் பகுதியிலிருந்து தெற்கே சுமார் 25 கிலோமீற்றர் தூரத்துக்கு, மணற்குன்றுகளுக்கு நடுவே தார்ச்சாலை செல்கிறது. அதன் முடிவில் ஏறத்தாழ 300 மீற்றர் உயரமுள்ள மொரீப் குன்று நிற்கிறது. சாதாரணக் காரில் செல்லும் குடும்பமும் பெரும்பாலைவனத்தின் உட்புறத்தைப் பார்க்க முடிவது இந்தச் சாலையால்தான். டிசெம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும் மொரீப் அடிவாரத்தில் வாகனப் போட்டிகளுடன் லீவா விழா நடைபெறுவது வழக்கம். அமைதியை நாடிச் செல்பவர்கள் அந்த நாள்களில் குன்றுக்கு வெகு தூரம் முன்னரே தங்கிவிட வேண்டும்.

பயணத்தில் இரண்டு எச்சரிக்கைகள். அபுதாபி எமிரேற்றில் சாலையோரப் பலகையில் எழுதியிருக்கும் வேகமே இறுதி எல்லை. துபாயைப் போல அதற்கு மேல் 20 கிலோமீற்றர் சலுகை கிடையாது. மூடுபனி இறங்கினால் அந்த எல்லையும் மின்பலகைகளில் 80 கிலோமீற்றராகக் குறைக்கப்படும். மற்றது ஒட்டகம். வேலி அறுந்த இடங்களில் இரவில் ஒட்டகங்கள் சாலைக்கு வந்து நிற்கும். நீண்ட கால்களையுடைய அந்த விலங்கின் உடல் காரின் முன்கண்ணாடி மீதே விழும் என்பதால் மோதல் உயிராபத்தாக முடிகிறது. இருட்டுவதற்கு முன்னரே இடத்தைச் சென்றடையுங்கள். டிசெம்பரில் மாலை ஐந்தரை மணியளவில் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே மூன்று மணிக்கெல்லாம் கூடார இடத்தில் நிற்பதாகக் கணக்கிட்டு வீட்டிலிருந்து புறப்பட வேண்டும்.

மணலில் இறங்குவோருக்கு

முதற்படி, டயர்களின் காற்றைக் குறைப்பது. சாலையில் 32 முதல் 35 பிஎஸ்ஐ வரை இருக்கும் அழுத்தத்தை, மணலில் இறங்கும் முன்னர் 15 முதல் 18 வரை இறக்க வேண்டும். காற்று குறைந்ததும் டயர் அகன்றும் நீண்டும் மணலில் படிகிறது. வாகனத்தின் பாரம் பரந்து விழுவதால் சக்கரம் வெட்டிக்கொண்டு இறங்காமல் மேலே மிதந்து செல்கிறது. அளவைக் கருவி கையில் இல்லாமல் கண்மதிப்பாகக் காற்று விடுவது கூடாது. 12க்கும் கீழே போனால் திருப்பத்தில் டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடலாம். திரும்பச் சாலையேறும் இடத்தில் காற்றடிக்கும் சிறு பம்பி ஒவ்வொரு வாகனத்திலும் இருக்க வேண்டும். குறைந்த காற்றுடன் நெடுஞ்சாலையில் வேகமாக ஓடினால் டயர் சூடேறி வெடிக்கும்.

ஓட்டும் முறை எளிமையானது, ஆனால் நிதானம் வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தை மணலில் இறங்கும் முன்னரே போட்டுவிடுங்கள். சீரான வேகம், திடீர்ப் பிரேக் இல்லை, திடீர்த் திருப்பம் இல்லை. நிறுத்த வேண்டுமாயின் காலை எடுத்தால் போதும், மணலே நிறுத்திவிடும். மீண்டும் புறப்பட வசதியாக, முகப்பு இறக்கத்தைப் பார்த்து நிற்கும்படி நிறுத்துங்கள். குன்றில் ஏறுவதும் இறங்குவதும் நேர்கோட்டில் மட்டுமே. சரிவில் பக்கவாட்டில் திரும்பினால் வாகனம் உருண்டுவிடும். குன்றின் உச்சிக்கு மறுபுறம் என்ன இருக்கிறது என்பது ஏறும்வரை தெரியாது; எதிரே இன்னொருவரும் ஏறிக்கொண்டிருக்கலாம். இதற்காகவே அங்கே வாகனங்களில் உயரமான கம்பத்தில் கொடி கட்டுகிறார்கள்.

சக்கரம் புதைந்துவிட்டால் முதலில் செய்ய வேண்டியது, மிதிப்பதை நிறுத்துவது. மேலும் மிதித்தால் வாகனத்தின் வயிறு மணலில் படிந்துவிடும். அதன் பின்னர் வேலை பத்து மடங்காகும். எல்லோரையும் இறக்கிவிடுங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னுமுள்ள மணலைச் சவளால் அள்ளி, சரிவாக வழி வெட்டுங்கள். காற்றை இன்னும் இரண்டு மூன்று அளவு குறைத்து, வந்த தடத்திலேயே மெல்லப் பின்னோக்கி எடுங்கள். அதற்கும் வராவிட்டால் மற்ற வாகனம் இழுக்கட்டும். கயிற்றை வாகனச் சட்டத்திலுள்ள மீட்புக் கொளுவியில் மட்டுமே மாட்ட வேண்டும். இழுவைப்பெட்டி பூட்டும் உருண்டைக் குமிழில் மாட்டினால் அது முறிந்து குண்டாகப் பாயும். கயிறு இறுகியிருக்கும்போது அதன் அருகில் பிள்ளைகள் மட்டுமல்லர், பெரியவர்களும் நிற்கக் கூடாது.

லீவா வட்டாரத்திலும் கரையோரங்களிலும் சப்கா என்ற உப்புத்தரைகள் உண்டு. மேலே உலர்ந்து வெண்மையாகத் தெரியும் அந்தத் தரை, கோடையில் நம் வாவிக்கரையில் காய்ந்து வெடித்த ஓடு போன்றது. ஓடு தாங்குமென்று காலை வைத்தால் அடியிலுள்ள சேற்றில் முழங்கால்வரை இறங்கிவிடும். மணலில் புதைந்ததை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம். சப்காவில் புதைந்த வாகனத்தை எடுக்க நாள் முழுவதும் போதாமற் போகலாம். ஈரக்கருமையோ உப்புப் பூப்போ தெரியும் தட்டையான நிலத்தில், ஏற்கெனவே வாகனங்கள் ஓடி இறுகிய தடம் இல்லாவிட்டால், இறங்கவே வேண்டாம்.

கூடாரம் அடித்தல்

இரு குன்றுகளுக்கு இடையே, சற்றே உயர்ந்த, இறுக்கமான தரையைத் தேடுங்கள். குன்றின் செங்குத்தான பக்கத்துக்கு நேர் கீழே வேண்டாம். மேலிருந்து குதித்து வரும் வாகனம் கீழே கூடாரம் இருப்பதைக் காணாது. சக்கரத் தடங்கள் தெரியும் வழியிலும் வேண்டாம். உச்சியிலோ காற்று விடாது. பெரும்பாலும் வடமேற்கிலிருந்து காற்று வருவதால், வாகனத்தை அந்தப் பக்கம் குறுக்காக நிறுத்தி, அதன் மறைவில் கூடாரத்தை அமைத்து, வாயிலைத் தென்கிழக்குப் பார்க்க வையுங்கள். தொழுகையாளர்கள் கைத்தொலைபேசியின் தொடர்பு அறுவதற்கு முன்னரே கிப்லாத் திசையைப் பார்த்து, தரையில் ஒரு கோடாக அடையாளமிட்டுக்கொள்வது நல்லது.

கூடாரத்துடன் வரும் மெல்லிய கம்பி முளைகள் மணலில் நிற்கா; முதற்காற்றிலேயே பிடுங்கிக்கொள்ளும். இதற்கு எளிய வழி, வெறும் அரிசிப் பைகள். பையில் முக்கால்வாசி மணலை நிரப்பி வாயைக் கட்டி, கூடாரக் கயிற்றை அதன் இடுப்பில் சுற்றி முடிந்து, முழங்கையளவு ஆழத்தில் குழி தோண்டிக் கிடையாகப் புதைத்து, மேலே மணலை மூடி மிதித்துவிடுங்கள். நான்கு மூலைக்கும் நான்கு பைகள். காற்று எவ்வளவு இழுத்தாலும் குறுக்கே கிடக்கும் பை அசையாது. காலையில் கயிற்றைப் பிடித்து மேலே இழுத்து, மணலைக் கொட்டிவிட்டுப் பையை மடித்து வைத்துக்கொள்ளலாம்.

குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்தே அதிகம் ஏறும். பகலில் சுடும் மணல், இரவு பத்து மணிக்கெல்லாம் ஆறிக் குளிர்ந்துவிடும். ஆகவே ஆளுக்கு இரண்டு போர்வை இருந்தால், ஒன்றை மேலே போர்த்துவதற்கு முன் மற்றதைக் கீழே விரியுங்கள். அதற்கும் அடியில் தடித்த தரைவிரிப்போ பாயோ இருக்கட்டும். பகலில் உடுத்திய உடுப்பில் வியர்வையின் ஈரம் இருக்கும். உறங்கும் முன் எல்லோரும், குறிப்பாகப் பிள்ளைகள், காலுறை உட்பட உலர்ந்த உடுப்புக்கு மாற வேண்டும். காற்றுவழியை முழுவதுமாக அடைத்துவிட்டால் மூச்சின் ஈரம் உட்கூரையில் துளியாகி முகத்தில் சொட்டும். சிறிது திறந்தே இருக்கட்டும். சப்பாத்துகளை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அவற்றைத் தலைகீழாகத் தட்டிவிட்டே அணிய வேண்டும். குளிர்காலத்தில் தேளும் பாம்பும் குறைவாகவே வெளியே வரும் என்றாலும், விறகுக்கட்டின் அடியிலும் விரிப்பின் அடியிலும் அவை ஒதுங்கியிருக்கலாம்.

இந்தக் கட்டுரையில் ஒரேயொரு பகுதியை மட்டும் நினைவில் வைத்திருக்க முடியுமாயின், அது இதுவாக இருக்கட்டும்: கரிச்சட்டியைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். நெருப்பு அணைந்ததாகத் தோன்றும் தணலும் காபனோரொட்சைட்டை வெளியிடுகிறது. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, இருமலும் வராது. உறக்கத்திலேயே உயிர் போய்விடும். குளிர்காலத்தில் வளைகுடா நாடுகளின் தீயணைப்பு அதிகாரிகள் இதைத் திரும்பத் திரும்ப எச்சரித்தும் இறப்புகள் நிகழ்கின்றன. பிள்ளை குளிரில் நடுங்குகிறது என்ற இரக்கத்தால்தான் யாரோ ஒருவர் தணலை உள்ளே எடுக்கிறார். கதவுகளைப் பூட்டிக்கொண்டு இயந்திரத்தை ஓடவிட்டு வாகனத்துக்குள் உறங்குவதும் இதே ஆபத்தே. தாங்க முடியாத குளிராயின், எல்லோரும் ஒரே கூடாரத்தில் நெருங்கிப் படுங்கள். சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பிள்ளையின் காலடியில் வையுங்கள். அதுவும் போதாவிட்டால் பயணத்தை முடித்து வீடு திரும்புங்கள்.

தண்ணீர், உணவு, நெருப்பு

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் தண்ணீர். கை, கால், பாத்திரம் கழுவவும் மலசலத் தேவைக்கும் அதற்குச் சமமாக இன்னொரு பங்கு. குளிரில் தாகம் தெரியாது. பெரியவர்களைக் கேட்டுக்கேட்டுக் குடிக்கவைக்க வேண்டும்.

மதிய உணவுக்கு வாழையிலையோ தாளோ சுற்றிய கட்டுச்சோறு போதும். இரவில் புதிதாக ஏதும் பரிசோதிக்காமல், ஒரே சட்டியில் முடியும் சமையலாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே மசாலாப் பிரட்டி ஐஸ்பெட்டியில் கொண்டுபோன கோழியை இரும்புத்தட்டில் சுட்டு, ரொட்டியும் கட்டைச் சம்பலும் சேர்த்தால் எல்லா வயதினருக்கும் போதும். விடியலில் அரிசிக்கஞ்சியும் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயும் உடலைச் சூடாக்கிவிடும். அடுப்புக்குச் சிறிய எரிவாயுக் குடுவையே நம்பகமானது. காற்றைத் தடுக்க மூன்று பக்கமும் தகரம் வையுங்கள்.

குளிர்காய நெருப்பு மூட்டுவதாயின், கால் வைத்த இரும்புத் தட்டில், தரையைத் தொடாமல் மூட்ட வேண்டும். நேரடியாகத் தரையில் மூட்டுவதை வளைகுடா நாடுகள் பலவற்றில் சட்டமே தடுக்கிறது. கரித்தழும்பு மணலில் நீண்டகாலம் மறையாது. கரியைக் கடையில் வாங்கிச் செல்லுங்கள். அங்கே நிற்கும் மரத்திலிருந்து ஒரு கிளையும் ஒடிக்கக் கூடாது. காஃப் என்று அவர்கள் அழைக்கும் மரம் அமீரகத்தின் தேசிய மரம், பாதுகாக்கப்பட்டது. நம் கோயில்களில் விஜயதசமியன்று போற்றப்படும் வன்னியும் அதே இனம்தான்.

பிள்ளைகள்

கூடாரத்தைச் சுற்றி, விளக்கொளி எட்டும் தூரத்தில் காலால் ஒரு வட்டம் கீறி, பெரியவர் இல்லாமல் அதைத் தாண்டக் கூடாது என்று பொழுது சாயும் முன்னரே சொல்லிவிடுங்கள். மணற்குன்றுகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், ஒரு குன்றைத் தாண்டிய பிள்ளைக்குத் திரும்பும் திசை தெரியாது. ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு விசில் தொங்கட்டும். வழி தவறினால் நடக்காமல் நின்ற இடத்திலேயே இருந்து ஊத வேண்டும் என்பதைப் பகலிலேயே விளையாட்டாகப் பழக்கிவிடலாம். வாடகைக்கு விடும் நான்கு சக்கர மணல் மோட்டார்சைக்கிளில் பிள்ளைகளை ஏற்றவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது கவிழ்ந்தால் அதன் முழுப்பாரமும் ஓட்டுபவர் மேல் விழும். சறுக்கி விளையாட ஒரு பலகையும், வாகனங்கள் வராத ஒரு சிறு குன்றும் இருந்தால் அவர்களுக்கு அன்றைய மாலை போதாது.

இரவில் அவர்களுக்குக் காட்ட வானமே இருக்கிறது. மார்கழியில் கார்த்திகைக் கூட்டம் இரவு பத்து மணியளவில் ஏறத்தாழ உச்சியில் நிற்கும். ஊரில் மழைமேகம் மூடியிருக்கும் அதே மாதத்தில் அதை இவ்வளவு தெளிவாகப் பார்ப்பது பிள்ளைகளுக்குப் புதிது. டிசெம்பர் 13, 14ஆம் திகதி இரவுகளில் செல்ல வாய்த்தால் ஜெமினிட் எரிவீழ்வுகளையும் காணலாம்.

ஆபத்து நேர்ந்தால்

அமீரகத்தில் பொலிஸ் 999, அம்பியூலன்ஸ் 998, தீயணைப்பு 997. எண்களைக் கைத்தொலைபேசியில் மட்டுமன்றித் தாளிலும் எழுதி வாகனத்தில் ஒட்டிவையுங்கள். தார்ச்சாலையை விட்டு விலகும் இடத்தில் உங்கள் அமைவிடத்தையும், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதையும் நகரிலுள்ள ஓர் உறவினருக்கு அனுப்பிவிட வேண்டும். குறித்த நேரத்துக்குள் பேசாவிட்டால் அவர் பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்ளுங்கள். வரைபடத்தை இணையமின்றியும் திறக்கும்படி முன்னரே தரவிறக்கி வையுங்கள். வாகனம் பழுதாகி, தொலைபேசியும் இயங்காவிட்டால் வாகனத்தை விட்டு நடக்கத் தொடங்காதீர்கள். தேடி வருபவர்களுக்கு வாகனம் தெரியும், நடந்து செல்லும் மனிதர் தெரியமாட்டார்.

காலையில் புறப்படும்போது

விடியற்பனியில் நனைந்த கூடாரத்தை அப்படியே சுருட்டினால் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். வெயில் ஏறும்வரை பொறுத்து, வெளித்துணியை வாகனத்தின் மேல் விரித்துக் காயவையுங்கள். மூடுபனி இருந்தாலும் அதற்குள் விலகிவிடும் என்பதால் சாலைக்கும் இது நல்லது. குப்பையை ஒரு துண்டும் விடாமல் பையில் கட்டி நகரத்துக்கே கொண்டுவர வேண்டும். பிளாஸ்திக் பையைத் தின்ற ஒட்டகங்கள் வயிறு அடைபட்டு இறக்கின்றன. குப்பை போடுவோருக்கு அபராதமும் உண்டு. கரி முற்றாக அணையத் தண்ணீர் ஊற்றி, கையை மேலே பிடித்துச் சூடு இல்லை என்பதை உறுதிசெய்து, ஆறிய சாம்பலையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். சாலையேறும் இடத்தில் நான்கு டயருக்கும் காற்றடித்து, சக்கரத்தின் உட்புறத்தில் மணல் அடைந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அடைந்திருந்தால் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் நடுங்கும். வீடு சேர்ந்ததும் வாகனத்தின் அடிப்பகுதியைக் கழுவுவியுங்கள். ஐஸ்பெட்டியையும் சட்டிகளையும் அன்றிரவே கழுவி, இரவல் வாங்கிய கூடாரத்தை இன்னொரு முறை மாடத்தில் விரித்து உலர்த்தி, முளைகளை எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள்.